ஷாஸ் கம்பெனி சம்மந்தி

எங்கள் வீட்டில் ‘ஷாஸ்’ என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். கழிப்பறையில் தண்ணீர் கொட்டும் தொட்டி. என் மாமனார் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். புதுச்சேரியில் சொல்தா என்பார்களே, அந்த வகை. தெருவிலேயே முதன்முதலில் சங்கிலி போட்ட தொட்டி மாட்டியது தாம்தான் என்பதில் சாகும்வரை அவருக்குப் பெருமை. யார் உள்ளே போய்விட்டு வந்தாலும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, “ஷாஸ் இழுத்தியா?” என்று கேட்பார். கல்யாணமாகி வந்த புதிதில் என்னையும் கேட்டார். நான் வில்லியனூருக்கு மேற்கே ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். மற்ற வீட்டு மருமகள்கள் ‘போன்ழூர்’ என்று வணக்கம் சொல்லிப் பிரெஞ்சை ஆரம்பித்திருப்பார்கள். நான் ஷாஸில் ஆரம்பித்தேன்.

அந்தச் சொல்லுக்கு இன்னோர் அர்த்தம் உண்டு, அதுதான் முதல் அர்த்தமே என்பது எனக்கு மிகவும் தாமதமாக, மகளின் கல்யாணப் பேச்சின்போதுதான் தெரிந்தது.

என் கணவரிடம் பிரெஞ்சு பாஸ்போர்ட் இருக்கிறது, பிரெஞ்சு இல்லை. அப்பாவிடம் திட்டு வாங்கி வாங்கிச் சேர்ந்த வார்த்தைகள்தான். தட்டாஞ்சாவடியில் சிறிய பிளாஸ்டிக் மோல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். ஃப்ளஷ் தொட்டிக்குள் மிதக்குமே பந்து, அதுதான் முக்கிய உருப்படி. அப்பா ஷாஸை மாட்டினார், பிள்ளை ஷாஸுக்குப் பந்து செய்கிறார் என்று உறவுக்காரர்கள் கேலி செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

மகள் பிரான்சில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். அவள் போன பிறகு புதுச்சேரி சாரத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் பேச்சுச் சத்தமே குறைந்துவிட்டது. முதல் சம்பளத்தில் எனக்கு ஒரு பைனாகுலர் வாங்கி அனுப்பினாள். “சும்மா டிவியவே பாத்துக்கினு இருக்காத. ஏரிக்குப் போய் எதையாவது பாரு” என்றாள். விளையாட்டாகத்தான் போனேன். ஊசுட்டேரிக்கு ஞாயிறு காலைகளில் பறவை பார்க்கப் போகும் ஒரு சின்னக் கூட்டத்தோடு சேர்ந்தேன். பித்துப் பிடித்துவிட்டது. மழைக்காலத்தில் மடையான் கொக்குகளைக் காலைக் கட்டிக் கொத்தாகச் சாலையோரம் விற்பவர்களைக் கண்டால் வண்டியை நிறுத்தி இறங்கிவிடுவேன். ஒருமுறை தகராறு முற்றி ஸ்டேஷன் வரை போயிற்று. அன்றிலிருந்து என் கணவர் எனக்கு வைத்த பெயர் ‘கொக்கு வக்கீல்’.

இந்த நிலையில்தான் மகள் தன்னோடு வேலை செய்யும் ஒரு பிரெஞ்சுப் பையனைப் பற்றிச் சொன்னாள். நல்ல பையன். வீடியோவில் பார்த்தோம், பேசினோம், பிடித்திருந்தது. அடுத்து அவன் அப்பாவோடு பேச ஏற்பாடாயிற்று. பெரிய மீசை, சிவந்த முகம், தொப்பியைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். மனைவிக்கு விமானம் என்றால் பயம், எங்கும் வரமாட்டார் என்று வருத்தப்பட்டார். என்ன செய்கிறீர்கள் என்று என் கணவர் தமக்குத் தெரிந்த பிரெஞ்சில் கேட்டார். அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, தாம் கிராமத்தில் ‘சொசியெத்தே த ஷாஸ்’ என்பதற்கு ‘பிரசிதான்’ என்றார்.

என் கணவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! சொசியெத்தே என்றால் கம்பெனி, ஷாஸ் என்றால் ஃப்ளஷ் தொட்டி, பிரசிதான் என்றால் தலைவர். ஃப்ளஷ் தொட்டிக் கம்பெனி முதலாளி! போனை வைத்ததும், “கடவுள் இருக்கான். சம்மந்தி நம்ம லைனு” என்றார். அன்று மாலைக்குள் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் செய்தி போய்விட்டது. வீராம்பட்டினத்தில் இருக்கும் என் நாத்தனார்கூட, “பிளாஸ்டிக்கா, பீங்கானா?” என்று போன் செய்து விசாரித்தாள்.

மகள் அந்த வீடியோப் பேச்சின்போது அந்தப் பக்கம் திரையில் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். அப்பா பிரெஞ்சைத் தப்பாகப் புரிந்துகொண்டது அவளுக்கு அப்போதே தெரியும். வாயைத் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை என்பது பிறகு தெரிந்தது.

மார்கழியில் மூன்று பேரும் வந்தார்கள். மகள், பையன், பையனின் அப்பா. மாடியில் தங்க வைத்தோம். முதல் நாள் மதியச் சாப்பாட்டுக்கு வஞ்சிரம் வறுத்திருந்தேன். சாப்பாடு முடியும் வரைகூட என் கணவருக்குப் பொறுமையில்லை. பட்டறையிலிருந்து கொண்டு வந்திருந்த தமது மிதவைப் பந்துகளில் மிக நல்லதாக ஒன்றைத் துடைத்து, தாம்பாளத்தில் வைத்து, வெற்றிலை பாக்கு மாதிரி அவர் முன்னால் நீட்டினார்.

அவர் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தண்ணீர் ஜக்கில் போட்டு அமுக்கிப் பார்த்தார். மிதந்தது. முகமெல்லாம் சிரிப்பு. பிரெஞ்சில் ஏதோ சொன்னார். பிறகு அந்தப் பந்துக்குக் கழுத்து வைப்பது போல விரலால் காற்றில் வளைத்துக் காட்டினார். உதட்டைக் குவித்து வாத்து மாதிரி கத்தினார். அசல் வாத்து தோற்றுப்போகும். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை என்று கண்டு, போனை எடுத்துப் படம் காட்டினார்.

படத்தில் அவர் முழங்கால் வரை பூட்ஸ் போட்டு நிற்கிறார். பக்கத்தில் நாய். தோளில் துப்பாக்கி. காலடியில் புல்லின் மேல் பச்சைத்தலை வாத்துகளை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். கழுத்துகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன.

“ம்மா” என்றாள் மகள், தட்டைப் பார்த்துக்கொண்டே. “ஷாஸ்னா வேட்டை. அவங்க ஊரு வேட்டைச் சங்கத்துக்கு அவர் தலைவர்.”

என் கணவர் வெறும் தாம்பாளத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நான் எழுந்து சமையலறைக்குள் போய்விட்டேன். அழுகையா கோபமா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஊரில் கொக்குக்காகச் சண்டை போடுகிறவள் வீட்டுக்கு, வேட்டைச் சங்கத் தலைவர் சம்மந்தியாக வருகிறார். ‘ஓணான் வேலிக்கு இழுக்குது, தவளை தண்ணிக்கு இழுக்குது’ என்பது எங்கள் ஊர்ப் பழமொழி. இதில் நான் ஓணானா தவளையா தெரியாது, இழுபறி மட்டும் நிச்சயம்.

மாலையில் மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது மகள் வந்தாள்.

“அன்னிக்கே ஏன்டி சொல்லல?”

“சொன்னா நீ ஆளையே பாக்காம வேணாம்னு சொல்லிடுவ. ஆளைப் பாத்துட்டுச் சொல்லட்டும்னுதான்.”

“பாத்தாச்சி. பொணத்த அடுக்கி வச்சிக்கினு போட்டோ புடிச்சிக்கிற ஆளு.”

அவள் ஒரு சட்டையை உதறி மடித்தாள். பிறகு சொன்னாள். “இது அங்க வேட்டை சீசன். அவர் வாழ்க்கையிலயே மொத தடவையா சீசன்ல துப்பாக்கியப் பூட்டி வச்சிட்டு வந்திருக்காரு, உன்னைப் பாக்கணும்னு. நீ வேணாம்னு சொன்னா நான் உன்னை எதுத்துக்கினுலாம் கல்யாணம் பண்ணிக்க மாட்டேன். ஆனா மனசார ஒத்துக்கணும்மா. மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு மணவறையில நிக்கறதா இருந்தா, எனக்கு வேணாம்.”

இதைவிடப் பெரிய பாரத்தை அவள் என் தலையில் வைத்திருக்க முடியாது. சண்டை போட்டிருந்தால் நானும் சண்டை போட்டிருப்பேன். மனசார என்று ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டுத் துணிகளை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

அவரை நான் ‘முசியே’ என்றுதான், ஐயா என்கிற மாதிரி, கூப்பிட்டேன். என் கணவர் முதல் நாளே அவருக்குச் ‘சம்மந்தி’ என்ற வார்த்தையைக் கற்றுக்கொடுத்திருந்தார். அவரும் அதை ‘சமோந்தி, சமோந்தி’ என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொல்லி, கையைக் கூப்பினார். நான் திரும்ப முசியே என்பேன். மகள் அதைக் கவனிக்காமல் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவரை ஊசுட்டேரிக்கு அழைத்துப் போனேன். விருந்தாளிக்கு ஊர் காட்டுகிறேன் என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில், உயிரோடு இருக்கும் வாத்து எவ்வளவு அழகு என்று காட்டி வெட்கப்பட வைக்க வேண்டும் என்பது என் திட்டம். மொழிபெயர்க்க மகள் கூட வந்தாள். கரையில் நின்றதும் அவர் தொப்பியைக் கழற்றினார். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்கூடக் கழற்றாத தொப்பி.

எனக்குப் பறவையைத் தெரிந்துகொள்ள பைனாகுலர் வேண்டும், புத்தகம் வேண்டும். அவர் வெறுங்கண்ணால், இறக்கை அடிக்கும் வேகத்தை வைத்தே சொன்னார். ஊசிவால் வாத்து என்றார். தட்டை அலகு வாத்து என்றார். வானத்தில் ஒரு கூட்டம் திரும்பியபோது, “சார்செல்!” என்று கிசுகிசுத்தார். அது குளிர்காலத்துக்கு வடக்கேயிருந்து வரும் நீலச்சிறகி, சின்ன வாத்து. அந்தக் கூட்டத்தைப் பார்த்தபடி அவர் இடதுகை தானாக முன்னால் நீண்டது, வலது தோள் உயர்ந்தது, உடம்பு பறவையோடு சேர்ந்து மெல்லத் திரும்பியது. பாதியில் தமக்கே தெரிந்து கையைக் கீழே போட்டார். நான் பார்த்துவிட்டேன் என்பதையும் அவர் பார்த்துவிட்டார்.

வேட்டைக்காரர்கள்தான் வாத்துகளைக் காப்பாற்றுகிறார்கள் என்று அவர் வண்டியில் வரும்போது சொன்னது உறுத்திக்கொண்டிருந்தது. அங்கேயே ஆரம்பித்துவிட்டேன். “கொன்னுட்டுக் காப்பாத்தறேன்னு சொல்றது, கறிக்கடைக்காரரு ஆட்டு வம்சத்த வாழ வைக்கிறேன்னு சொல்ற மாதிரி இருக்குது.”

மகள் சொன்னாள். அவர் யோசிக்கவே இல்லை. “ஆமாம், ஆடு எங்கேயும் அழிந்துபோகவில்லையே” என்று பதில் வந்தது.

எனக்குச் சுருக்கென்றது. “ஆடு அவரு பட்டியில பொறந்தது. இந்த வாத்து யாரு பட்டியில பொறந்துச்சு?”

“யார் பட்டியிலும் இல்லை. அதனால்தான் அதற்குப் பொறுப்பென்று யாரும் இல்லை” என்றார்.

தங்கள் ஊர்க்கதையைச் சொன்னார். கடலோரம், எங்கே பார்த்தாலும் சதுப்பு நிலமாக இருந்த பகுதி. ஒவ்வொன்றாகத் தண்ணீரை வடித்துவிட்டு மக்காச்சோளம் போட்டுவிட்டார்கள். மிச்சம் இருப்பது ஒரே ஒரு சதுப்புதான். அதைச் சோளக்காட்டுக்காரர்களிடமிருந்து காப்பாற்றி வைத்திருப்பது வேட்டைக்காரர்கள்தான். மதகு பார்க்கிறார்கள், கோரை வெட்டுகிறார்கள், ஒரு பகுதியில் எவனும் சுடக் கூடாது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். வசந்தத்தில் அங்கே குஞ்சு பொரிக்கும் பறவைகளில் பெரும்பாலானவை அவர்கள் சுடவே சுடாத வகைகள் என்றார்.

நான் மடையான் கதையைச் சொன்னேன். ஒரு மழைக்காலத்தில் வயலில் வலை வைத்துக் கொக்கு பிடிப்பவர் ஒருவர் எங்களைப் பார்த்ததும் ஓடிவிட்டார். வலைக்கு நடுவே ஒரு மடையான் குச்சியில் கட்டப்பட்டிருந்தது. மேலே பறக்கும் கொக்குகள், ‘இங்கே நம் இனம் இருக்கிறது, பயமில்லை’ என்று நம்பி இறங்குவதற்காக வைக்கிற பறவை. பழந்தமிழில் அப்படி வைக்கும் பறவைக்கு ‘பார்வை’ என்று பெயர், அகராதியில் பார்த்தேன். நாங்கள் அவிழ்த்த பார்வைக்குப் பார்வை இல்லை. படபடக்காமல் இருப்பதற்காக இரண்டு கண்ணிமைகளையும் நூலால் தைத்திருந்தார்கள். எங்கள் கூட்டத்தில் இருந்த மாட்டு டாக்டர் நூலை வெட்டினார். அது கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டிப் பார்த்தது. அன்று நான் வரப்பில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன். அதைச் சொல்லும்போதும் என் குரல் உடைந்தது, மகளுக்கும் உடைந்தது.

அவர் நினைத்திருந்தால், “அதற்குப் பெயர் வேட்டை இல்லை” என்று சொல்லியிருக்கலாம். நான் அதைத்தான் எதிர்பார்த்து, பதிலும் தயாராக வைத்திருந்தேன். அவர் சொன்னது வேறு. “நாங்களும் உயிருள்ள வாத்தைக் கட்டிப் போட்டுத்தான் மற்றதைக் கூப்பிடுவோம். கண்ணைத் தைப்பதில்லை. ஆனால் கட்டிப் போடப்பட்ட வாத்து சந்தோஷமாக இருக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். நான் பிளாஸ்டிக் வாத்துக்கு மாறிவிட்டேன். இரக்கத்தினால் இல்லை, தீனி போட்டுக் கட்டுப்படியாகவில்லை.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். உடனே அடுத்த கேள்வியைப் போட்டேன். “சுட்றதுக்குத்தான காப்பாத்தறீங்க? நாளைக்கே கவர்மென்ட்டு சுடக் கூடாதுன்னு சட்டம் போட்டா, அந்தச் சதுப்பைப் பாத்துக்குவீங்களா, சோளம் போட உட்டுடுவீங்களா?”

மகள் மொழிபெயர்த்தாள். நீளமான கேள்வி அவள் வாயில் சின்னதாகப் போயிற்று. பாவம், தன் கல்யாணத்தையே வரி வரியாக மொழிபெயர்த்துக்கொண்டு நின்றாள், கரடுமுரடைக் கொஞ்சம் சீவிவிடத்தானே பார்ப்பாள்! “முழுசா சொல்லுடி” என்றேன். முழுசாகச் சொன்னாள்.

அவர் தொப்பியைக் கையில் சுற்றினார். “நான் பார்த்துக்கொள்வேன்” என்றார். அப்புறம், “மற்றவர்கள்…” என்று நிறுத்தி, “சே பா” என்றார்.

அதை மகள் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. என் மாமனார் நாளுக்குப் பத்து முறை சொன்ன பதில் அது. தெரியல.

இத்தனை வருஷத்தில் இந்த விஷயத்தைப் பற்றி நான் எத்தனையோ பேரோடு வாதாடியிருக்கிறேன். தெரியல என்று ஒருவர்கூடச் சொன்னதில்லை, நான் உட்பட. தமது கட்சியின் ஓட்டையைத் தாமே காட்டுகிற மனிதரை எப்படி வெறுப்பது? அந்த இடத்தில்தான் என் கோபத்தின் காற்று இறங்க ஆரம்பித்தது. ஆனால் ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை. வரிசையில் சாய்ந்திருந்த அந்தக் கழுத்துகள் கண்ணிலேயே நின்றன.

“இங்கே சுட முடியாது, நல்ல சட்டம்” என்றார் அவர். “ஆனால் இந்தத் தண்ணீருக்காக எழுந்து நிற்பவர்கள் எத்தனை பேர்?”

“ஒரு வேன்ல அடங்கிடுவோம்” என்றேன். பொய் சொல்லத் தோன்றவில்லை.

திரும்பும் வழியில், பேச்சுவாக்கில், என் பிறந்த ஊர் ஏரியைப் பற்றிச் சொன்னேன். சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்ததை ஊர்க்காரர்களும் எங்கள் வேன் கூட்டமும் சேர்ந்து தூர் வாரி வைத்தோம். மழை பெய்து நிரம்பியும் விட்டது. ஒரு வாத்துகூட இறங்கவில்லை. மேலே சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விடுகின்றன. இவ்வளவு பாடுபட்டு என்ன பிரயோஜனம் என்று ஊரில் சலித்துக்கொள்கிறார்கள் என்றேன். அவர் வண்டியை அங்கே விடச் சொன்னார்.

கரையில் நின்று காற்றைப் பார்த்தார், வெயிலைப் பார்த்தார், நாக்கைச் சப்புக்கொட்டினார். “புதுத் தண்ணீர். உள்ளே யாரும் இல்லை. நீங்கள் இறங்குவீர்களா?” என்று கேட்டார். எனக்குப் புரிந்தது. ஆளே இல்லாத ஓட்டலுக்குள் நாமும்தான் நுழைவதில்லை. நாலு பேர் உட்கார்ந்து சாப்பிட்டால் ஐந்தாவது ஆள் நம்பி வருவான். அவர் தோள்பையிலிருந்து எதையோ எடுத்தார். என் கணவர் தாம்பாளத்தில் கொடுத்த மிதவைப் பந்து! இத்தனை நாளும் அதைப் பையிலேயே வைத்திருந்திருக்கிறார்.

அடுத்து வந்த நாட்களில் அவரும் என் கணவரும் தட்டாஞ்சாவடிப் பட்டறையே கதியென்று கிடந்தார்கள். பெரிய பந்து உடம்பு, சின்னப் பந்து தலை, நடுவில் பைப்புத் துண்டு கழுத்து, சப்பிய ஒரு துண்டு அலகு. இரண்டு பேருக்கும் பொதுவாக முப்பது வார்த்தை இருந்தால் அதிகம். அதை வைத்துக்கொண்டே பெயிண்ட் விஷயத்தில் சண்டை வேறு. பளபளப்பு கூடாது என்று அவர் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார், என் கணவருக்கு நெஞ்சு பதறும். “பினிஷிங்கே போச்சிங்க சம்மந்தி!” என்பார். பட்டறைக்குப் போய்ப் பார்த்தேன். வாத்து என்று யாராவது சொன்னால்தான் வாத்து. மூக்கு வைத்த கெண்டிகளை வரிசையாக அடுக்கிய மாதிரி இருந்தன.

“ஏரியில பிளாஸ்டிக்கக் கொண்டுபோய் போடறதா? எங்க கூட்டத்துல என் மூஞ்சில காரித் துப்புவாங்க” என்றேன்.

“சீசன் முடிஞ்சதும் திரும்ப எடுத்துடலாம்டி கொக்கு வக்கீலு” என்றார் என் கணவர்.

ஏரியைப் பார்த்துக்கொள்ளும் பஞ்சாயத்து ஆளிடம் சொல்லிவிட்டு, கிளம்புவதற்கு முந்தின நாள் போனோம். முசியே லுங்கியை மடித்துக் கட்டித் தண்ணீரில் இறங்கினார். ஒவ்வொன்றின் அடியிலும் கயிறும் கல்லும். எல்லாவற்றையும் குவியலாகப் போடவில்லை. இரண்டு பக்கமும் பரப்பிவிட்டு நடுவில் காலி இடம் விட்டார். ஏன் என்று கேட்டேன். வாத்து காற்றுக்கு எதிர்முகமாகத்தான் இறங்கும், அதற்கு இடம் வேண்டும், அது வாசல் என்றார். பிறகு தயங்கி, “எங்கள் ஊரில் அந்த வாசலுக்கு நேராகத்தான் துப்பாக்கி இருக்கும். இங்கே வாசல் மட்டும்” என்றார். மகள் இதை மொழிபெயர்த்தபோது சீவவில்லை, குறைக்கவில்லை. என் முகத்தையே பார்த்தாள். நான் ஏரியைப் பார்த்தேன்.

அன்று ஒன்றும் வரவில்லை. ஒரு காக்கை வந்து பொம்மையின் தலையில் உட்கார்ந்து, வழுக்கி, கோபித்துக்கொண்டு போயிற்று. மறுநாள் அவர்கள் சென்னைக்கு ஏர்போர்ட் கிளம்பினார்கள். காரில் ஏறும்போது அவர் கைகூப்பி, “சமோந்தி” என்றார். வாய்வரை வந்தது. “போய்ட்டு வாங்க முசியே” என்றுதான் சொன்னேன். மகள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.

அதன் பிறகு போனில் அவள் கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா என்பதோடு சரி. கேட்டுத் தொலைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் ஊர் ஏரிக்குப் போய் நிற்பதும் வருவதுமாக இருந்தேன். ஊரில் அதற்குப் பொம்மை ஏரி என்று பெயராகிவிட்டது. “என்னா, முட்ட வச்சிதா?” என்று மாடு ஓட்டிக்கொண்டு போகிறவர் கேட்பார்.

மாசி மாதம் ஒரு மாலை. வெயில் தாழ ஆரம்பித்திருந்தது. கரையேறி வழக்கம்போல் பைனாகுலரை வைத்தேன். பொம்மைகள் மிதந்தன. எப்போதையும்விட அதிகமாக மிதந்தன. ஒரு பொம்மை தலையைத் தண்ணீருக்குள் விட்டு வாலைத் தூக்கியது.

பைனாகுலரைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். அவர் விட்டிருந்த வாசல் நிறைய நீலச்சிறகிகள். எங்கள் கெண்டிகளுக்கு நடுவே, பக்கத்து வீட்டுக்காரர்களைப் போல் இரை தேடிக்கொண்டிருந்தன. நீண்ட தூரம் பறந்து வந்த பறவைகள். எந்தப் பறவையையும் கண்ணைத் தைத்துக் கட்டிப் போட வேண்டியிருக்கவில்லை, ஃப்ளஷ் பந்தைப் பார்த்தே நம்பி இறங்கியிருந்தன. இவற்றைக் கூப்பிடும் வித்தை கொல்வதற்காகக் கற்ற வித்தை. அது மாறிவிடாது. கொல்வதை நான் ஒருநாளும் சரியென்று சொல்லப் போவதில்லை. ஆனால் அந்தக் கைகள் இல்லாமல் இந்தத் தண்ணீரில் இவை இல்லை, இதுவும் மாறிவிடாது. இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நிற்க என்னால் முடிந்தது. அதுதான் மகள் கேட்ட ‘மனசார’ என்று அப்போது பட்டது.

மகளுக்குப் போன் செய்யவில்லை. அவருக்குச் செய்தேன். வீடியோவில், மொழிபெயர்ப்பாளர் இல்லாமல், முதல் தடவையாக. அங்கே மதியம். தொப்பியோடு சாப்பாட்டு மேசையில் இருந்தார். நான் போன் கேமராவை ஏரிப் பக்கம் மாற்றினேன். அவர் தட்டைத் தள்ளிவிட்டுத் திரையருகே வந்தார்.

“சார்செல்” என்று கிசுகிசுத்தார். ஏரிக்கரையில் நிற்பவர்போல் அங்கே தலையைக் குனிந்துகொண்டார்.

கேமராவை என் முகத்துக்கு மாற்றினேன். பிரெஞ்சில் சொல்ல என்னென்னவோ யோசித்தேன், எதுவும் சேரவில்லை. அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ் வார்த்தை போதும் என்று தோன்றியது.

“சம்மந்தி” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். அப்புறம் சமையலறைப் பக்கம் திரும்பி மனைவியைக் கூப்பிட்டுப் போட்டாரே ஒரு சத்தம்! போன் ஸ்பீக்கரில் அது ஏரி முழுக்கக் கேட்டது. நீலச்சிறகிகள் அத்தனையும் ஒரே வீச்சில் எழும்பின. நான் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றேன். அவை கரையிலிருந்த அரசமரத்துக்கு மேலே ஒரு சுற்று, இன்னொரு சுற்று சுற்றிவிட்டு, காற்றுக்கு எதிராகத் திரும்பி, வாசல் வழியாகவே திரும்ப வந்து இறங்கின.

வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் மகள் போன் வந்துவிட்டது. “என்கிட்டச் சொல்லாம அவர்கிட்டச் சொல்லியிருக்கியே, நீயெல்லாம் ஒரு அம்மாவா?” என்று திட்டிக்கொண்டே அழுதாள். நானும் வண்டியை ஓரம் நிறுத்திவிட்டு நன்றாக அழுதேன்.

கல்யாணத்தை வைகாசியில் வைத்திருக்கிறோம். சம்மந்தியம்மாவும் பயத்தை விட்டு விமானம் ஏறுகிறாராம். சம்மந்தி, தமக்கு வேட்டைக்காலம் இல்லாத மாதம் வேண்டும் என்றார். எனக்கு வாத்துகள் ஊர் திரும்பிப்போன மாதம் வேண்டும் என்றேன். பஞ்சாங்கத்தைப் பார்த்தபோது இரண்டும் ஒரே மாதமாக இருந்தது.